நேர மண்டல மாற்றம்: ஆரின் லூப்ரிடேட்டா, பைத்தானின் பாண்டாஸா?

சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ‘2024-07-01 21:00’ என்று ஒரு வரி. பதிவானது நியூயார்க்கில், ஆனால் மண்டலம் எங்கும் எழுதப்படவில்லை. ஆர், பைத்தான் ஆகிய நிரல்மொழிகளின் இந்த இரண்டு தொகுப்புகளையும் இந்த ஒரு வரியை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

லூப்ரிடேட்டின் ஒய்எம்டி_எச்எம் ஃபங்ஷன் இதைக் கேள்வியே கேட்காமல் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும். அடுத்து வித்_டிஇசட் போட்டு நியூயார்க்குக்கு மாற்றினால் மாலை 5 மணி என்று வரும். ஃபோர்ஸ்_டிஇசட் போட்டால் இரவு 9 மணி அப்படியே நிற்கும். முன்னது கணத்தைத் தொடாமல், கடிகாரம் காட்டும் நேரத்தை மாற்றுகிறது. பின்னது கடிகார நேரத்தைத் தொடாமல், அது குறிக்கும் கணத்தை மாற்றுகிறது. நமக்கு வேண்டியது பின்னதுதான். ஆனால் தப்பானதைப் போட்டாலும் ஆர் முணுமுணுக்காது. லூப்ரிடேட் இல்லாத வெறும் ஆர் இன்னும் மோசம்: மண்டலம் சொல்லாவிட்டால் கணினியின் மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியில் ஒரு விடை, சர்வரில் வேறு விடை!

பாண்டாஸ் அதே வரியை மண்டலமற்ற நேரமாகவே வைத்துக்கொள்கிறது. மண்டலம் மாற்ற நேரே டிஇசட்_கன்வர்ட் கூப்பிட்டால் பிழை காட்டி நின்றுவிடும்; இது எந்த மண்டலத்து நேரம் என்று முதலில் டிஇசட்_லோக்கலைஸ் போட்டுச் சொல்லியாக வேண்டும். நச்சரிப்புதான். ஆனாலும் மூலத் தரவைச் சுத்தம் செய்யும் வேலைக்கு என் ஓட்டு இந்த நச்சரிப்புக்கே.

கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்தும் நாட்களில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2024 மார்ச் 10 அன்று நியூயார்க்கில் அதிகாலை 2:30 என்ற நேரமே இல்லை. நவம்பர் 3 அன்று 1:30 இரண்டு முறை வந்தது. இரண்டுக்கும் பாண்டாஸ் பிழை காட்டி, என்ன செய்யட்டும் என்று நம்மிடம் விட்டுவிடும். ஃபோர்ஸ்_டிஇசட் முதலாவதை என்ஏ (மதிப்பு இல்லை) ஆக்கும். இரண்டாவதில் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். ஆரிலேயே இந்தக் கண்டிப்பு வேண்டுமென்றால் கிளாக் என்ற தொகுப்பு இருக்கிறது.

நேரத்தை விட்டுத் தேதியை மட்டும் பிரித்தெடுக்கும்போதும் கவனம் தேவை. பழைய ஆர் பதிப்புகளில் ஆஸ்.டேட் ஃபங்ஷன், மண்டலம் சொல்லாவிட்டால் யுடிசிப்படி வெட்டும். சரியாகத் திருத்திய அந்த 9 மணிப் பதிவுகூட ஜூலை 2-க்குத் தாவிவிடும். லூப்ரிடேட்டின் ஆஸ்_டேட் அந்த நேரத்தோடு ஒட்டியிருக்கும் மண்டலத்தையே பார்க்கும். இங்கே மட்டும் அதற்கு முழு மதிப்பெண்.

எதைப் பயன்படுத்தினாலும் சுருக்கப் பெயர்களை நம்ப வேண்டாம். ஐஎஸ்டி என்றால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? நியூயார்க்குக்கு ஈஎஸ்டி (அதன் குளிர்கால நேரம்) என்று போட்டால் யுடிசியிலிருந்து வருடம் முழுக்க 5 மணி நேரம்தான் கழியும், கோடையில் வேண்டியதோ 4. ஜூலைப் பதிவுகள் மட்டும் ஒரு மணி நேரம் பிசகினால் முதலில் இதைத்தான் பாருங்கள். அப்புறம் ‘இடிசி/ஜிஎம்டி+5’ என்பது யுடிசிக்கு 5 மணி நேரம் பின்னால், குறி தலைகீழ். ‘அமெரிக்கா/நியூ_யார்க்’ போன்ற முழுப் பெயரே பாதுகாப்பு.

சாஸ், ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டின் வழக்கமான தேதி-நேர எண்ணும் 1960 ஜனவரி 1-லிருந்து எண்ணப்படுவது. அதில் மண்டலம் கிடையாது. அங்கே அனுப்பும் முன் யுடிசிக்கு மாற்றி, மண்டலப் பெயரைத் தனி நெடுவரிசையில் எழுதிவிடுங்கள்.