அண்டை ஊர் சொல்லும் வழியா, கையிலிருக்கும் படமா?

காரைக்குடியில் ரவுட்டிங் (வலைப்பின்னலில் தரவுக்கு வழி காட்டுவது) பாடம் எடுக்கும்போது நான் பலகையில் போடும் முதல் படம் நான்கு ஊர்கள்: தேவகோட்டை, காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி. வரிசையாக ஒரே கோடு. ஊருக்கு ஒரு ரவுட்டர், அதாவது தரவை அடுத்த ஊருக்கு அனுப்பும் கருவி.

இங்கே பார்க்கும் இரண்டு முறைகளில் முதலாவதான டிஸ்டன்ஸ் வெக்டரில் எந்த ஊரிடமும் முழுப் படம் இருக்காது. பிள்ளையார்பட்டி ஒரு ஹாப் (ஒரு தாவல்) தூரம் என்று குன்றக்குடி சொல்லும். காரைக்குடி ஒன்றைக் கூட்டி இரண்டு என்று எழுதிக்கொள்ளும், தேவகோட்டை மூன்று என்று. பெல்மன்–ஃபோர்டு என்று பெயர் பெற்ற கணக்கு இவ்வளவுதான். எளிமை எனக்குப் பிடிக்கும். கெட்ட செய்தி வரும்போதுதான் அது கைவிடுகிறது.

குன்றக்குடி–பிள்ளையார்பட்டி இணைப்பு அறுந்தது என்று வையுங்கள். குன்றக்குடி அதைச் சொல்வதற்குள் காரைக்குடியின் பழைய 'இரண்டு' வந்து சேர்கிறது. அந்த வழி தன்னைத் தொட்டுத்தான் போகிறது என்று குன்றக்குடிக்குத் தெரியாது. 'மூன்று' என்று எழுதும். அதைக் கேட்டுக் காரைக்குடி 'நான்கு' என்னும். எண் ஏறிக்கொண்டே போக, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) இரண்டு ஊருக்கும் நடுவே அலையும். 1988-இல் ஆர்.எஃப்.சி. 1058 என்ற இணைய ஆவணமாக வந்த, டிஸ்டன்ஸ் வெக்டர் வழியில் இயங்கும் ரிப் (RIP) நெறிமுறை, 16 என்றால் வழியே இல்லை என்று எல்லை போட்டது இதற்காகத்தான். யாரிடம் கேட்ட வழியோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்ற ஸ்பிளிட் ஹொரைசன் விதி இந்தச் சுழலை அறுக்கும். தேவகோட்டைக்கும் குன்றக்குடிக்கும் நேர்க்கோடு போட்டு முக்கோணமாக்கினால் அந்த விதியும் போதாது.

இரண்டாவது முறையான லிங்க் ஸ்டேட்டில் ஒவ்வோர் ஊரும் தன் சொந்த இணைப்புகளை மட்டும் எல்லோருக்கும் அறிவிக்கும். எல்லோரிடமும் ஒரே படம் சேர்ந்ததும், மிகக் குறுகிய வழியைக் காண டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கை அவரவர் போட்டுக்கொள்வார்கள். ஓ.எஸ்.பி.எஃப். (OSPF) என்ற நெறிமுறை இந்த வழிதான், ஹாப்பை எண்ணாமல், இணைப்புக்கு நாம் தரும் செலவை அது கூட்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டும் 1979-இல் பழைய முறையை விட்டு இதற்கு மாறியது.

இதிலும் ஆபத்து உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று ஒரு கணு (ஆர்ப்பாநெட்டின் ஒரு ரவுட்டர்) அனுப்பிய செய்திகளில், எது புதியது என்று காட்டும் வரிசை எண்ணில் சில பிட்டுகள் கெட்டன. அந்த எண் வட்டமாகச் சுற்றுவதால் மூன்று செய்திகள் ஒன்றைவிட ஒன்று புதியதாகத் தோன்றிச் சுற்றிச் சுற்றிப் பரவ, ஆர்ப்பாநெட் முழுவதும் மணிக்கணக்கில் முடங்கியது. ஓ.எஸ்.பி.எஃப். பதிப்பு 2-இல் வரிசை எண் வட்டமாகச் சுற்றாது. செய்திக்கு வயதும் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் அது நீக்கப்படும்.

ஒரே கோட்டில் நாலைந்து ரவுட்டர் என்றால் ரிப்பே போதும். மாற்றுவழி ஒன்று முளைத்த அன்றே ஓ.எஸ்.பி.எஃப்.-க்கு மாறிவிடுங்கள்.