மீன்குழம்பும் 6 யூரோ ஒயினும்

ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புக்கு விசேஷமாக இருக்கட்டும் என்று 14 சதவீத ஆல்கஹால் உள்ள இத்தாலியச் சிவப்பு ஒயின், ப்ரிமிட்டிவோ, வாங்கிவந்தேன். இரண்டு வாய்க்குமேல் போகவில்லை. நானும் கணவரும் தண்ணீரைத் தேடி ஓடினோம். ஒயினும் நல்ல ஒயின்தான், குழம்பிலும் குறையில்லை. இரண்டும் வாய்க்குள் சந்தித்ததும் சண்டை.

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கிளறிவிடும். கனமான சிவப்பு ஒயினின் துவர்ப்பு, வாழைக்காய்த் தோலைக் கடித்ததுபோல நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் புளி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. சாப்பாடு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். ஆகவே நம் சமையலுக்கு வேண்டியது புளிப்பு தூக்கலாக, ஆல்கஹால் குறைவாக, ஓரத்தில் கொஞ்சம் இனிப்போடு இருக்கும் ஒயின். ஜெர்மனியில் அது மலிவாகவே கிடைக்கிறது என்பது நம் அதிர்ஷ்டம்.

இப்போது ஆறு வருடமாக எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நிரந்தரமாக இருப்பது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். உள்ளூர்த் திராட்சை விவசாயிகள் கூட்டுறவின் ஒரு லிட்டர் பாட்டில், திருகு மூடி, 6 யூரோவுக்குள். லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது. ஆனாலும் புளிப்பு போதுமான அளவு இருந்தால் லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை வரை அந்தப் பெயர் போடலாம். 'ஹால்ப்ட்ரோக்கன்' 18 கிராம் வரை போகும். 'ஃபைன்ஹெர்ப்' என்பதற்குச் சட்டத்தில் அளவே கிடையாது, ஏறக்குறைய ஹால்ப்ட்ரோக்கன் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஃப்ரீசர் பீட்சா எல்லாவற்றுக்கும் என் கை போவது ஃபைன்ஹெர்ப்புக்குத்தான். மீன்குழம்பு என்றால் மட்டும் கொஞ்சம் இனிப்பான 'கபினெட்' வகை ரீஸ்லிங். அதில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான் இருக்கும், காரத்தைத் தூண்டாது.

சிவப்பே வேண்டாமா என்றால், வேண்டும். கீழ்வீட்டுப் பாட்டி அறிமுகப்படுத்தியது ட்ரோலிங்கர். வெளிர்ச் சிவப்பு, தண்ணியாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் அதைக் கைப்பிடி வைத்த கால் லிட்டர் கண்ணாடிக் குவளையில் ஊற்றி 'ஃபியர்ட்டலே' என்று செல்லமாக அழைக்கிறார்கள். இவ்வூர்ச் சாப்பாடான லின்சனும் ஷ்பெட்ஸ்லேயும், அதாவது வினிகர் விட்ட பருப்பும் முட்டை நூடுல்ஸும், அதோடு அமோகமாகப் போகும். பருப்புதானே என்று எங்கள் வீட்டுக் கீரைக்கூட்டோடும் குடித்துப் பார்த்தேன். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்தால் பிரமாதம்.

ரசத்தோடு எதுவும் சேரவில்லை. ரசமே குடிக்கிற சமாச்சாரம், பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

மழைநாளில் பஜ்ஜி போட்டால் நுரைக்கிற ஒயின்தான் எண்ணெயை வெட்டும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஸெக்ட்' என்ற ஜெர்மன் நுரை ஒயின் வாங்கினால் பாட்டிலுக்கு 1.02 யூரோ வரி. ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்தில், 1902-ல், கடற்படைக்குப் பணம் திரட்டப் போட்ட வரி. அந்தக் கடற்படை போய்ச் சேர்ந்துவிட்டது, வரி மட்டும் இன்னும் இருக்கிறது! நுரையின் அழுத்தம் குறைந்த 'ஸெக்கோ' வகைக்கு அந்த வரி கிடையாது. பஜ்ஜிக்கு அதுவே தாராளம்.

ஒரு முறை மட்டும் ஏமாந்தேன். பாதி விலை என்று ஒரு இணையக் கடையில் 12 பாட்டில் பெட்டி வாங்கினேன். ஒன்பது பாட்டில் அதே கனமான சிவப்பு ரகம். விருந்தாளிகள் தலையில் கட்டியும் தீரவில்லை. கடைசி இரண்டு ஆட்டுக்கறி வேகவைக்கப் போயின. அன்றிலிருந்து புதிது எதுவானாலும் ஒற்றைப் பாட்டில்தான்.

திறந்த வெள்ளை ஒயின் ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் மிச்சத்தில் பாதிக்குப் பாதி சோடா ஊற்றி 'ஷோர்லே' ஆக்கிவிடுவேன். ஜூலை வெயிலில் பால்கனியில் உட்கார்ந்து மிக்சர் கொறிக்கும்போது கணவர் அதைத்தான் முதலில் கேட்கிறார்.