பேச்சு விளங்குகிற சவுண்ட்பார்: ஜேபிஎல் பார் 2.0 ஆல்-இன்-ஒன் எம்கே2

இப்ப வருகிற மெல்லிய டிவிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்தபடிதான் இருக்கிறது, சத்தம் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. சீமெந்துச் சுவர், மேலே கூரைச் சீற், சுற்றுகிற ஃபேன், இதற்குள் செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று அம்மாவுக்கு விளங்குவதே இல்லை. கூட்டி வைத்தால் விளம்பரம் வரும்போது வீடே அதிர்கிறது. அதனால் எனக்குத் தேவைப்பட்டது பேச்சைத் தெளிவாகத் தருகிற ஒரு சவுண்ட்பார், அதாவது டிவியின் முன்னால் வைக்கிற நீள ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில், பெட்டியில் வாட் கணக்கைப் பெரிதாக அடித்த ஒன்றை எடுத்து வைத்தார்கள். அது பிஎம்பிஓ, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்சம் என்று போடுகிற கணக்கு, அதை அளக்க ஒரு பொதுவான முறையே கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று கேட்டேன், பதில் இல்லை. போட்டுக் காட்டியதும் பேஸ் அடிக்கிற பாட்டு மட்டும்தான், அப்படிப் பாட்டில் எந்தப் பெட்டியும் நல்லாத்தான் கேட்கும். காத்தான்குடியில் போன கடையில், "நானா, பாட்டு வேணாம், செய்தி ஒண்டு போட்டுக் காட்டுங்க" என்றேன். "அதுக்கென்ன தம்பி, உங்கட போனையே குடுங்க" என்று புளூடூத்தில் இணைத்து, ஒரே செய்தியை ஒவ்வொரு பாரிலும் மாற்றி மாற்றிக் கேட்க விட்டார். அப்படிப் பொறுமையாகக் காட்டுகிற கடையில்தான் வாங்க வேண்டும்.

குரல் பளிச்சென்று கேட்டதால் இந்த ஜேபிஎல்லை எடுத்தேன். 80 வாட், நீளம் 61 சென்டிமீட்டரளவு, 43 இஞ்ச் டிவியின் முன்னால் அடக்கமாக நிற்கிறது. உயரம் 5.6 சென்டிமீட்டர், டிவியின் கால் குட்டை என்றால் திரையின் கீழ் ஓரத்தையும் ரிமோட் சென்சரையும் மறைக்கும், அளந்து பாருங்கள். பேஸுக்கான தனிப் பெட்டி, அதாவது சப்வூஃபர், இல்லை. படம் பார்க்கும்போது நெஞ்சு அதிர வேண்டும் என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து சோனி எச்டி-எஸ்20ஆர் பக்கம் போகலாம், 5.1 செட் (பார், பின் ஸ்பீக்கர் இரண்டு, சப்வூஃபர்), மொத்தம் 400 வாட், ஆனால் பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் வயர் இழுக்க வேண்டும். எங்கள் ஹோலில் நடுவே வாசல், அது சரிவராது.

எதை வாங்கினாலும் எச்டிஎம்ஐ ஏஆர்சி, அதாவது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளாலேயே பாருக்கு அனுப்புகிற வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாகப் போக வாய்ப்பு அதிகம். ஆப்டிக்கல் (ஒளியால் சத்தம் அனுப்புகிற கேபிள்) பரவாயில்லை, ஆனால் அதில் பெரும்பாலும் பாரின் ரிமோட்டைத் தனியாகத் தேட வேண்டும். ஏஆர்சியில் டிவி ரிமோட்டே போதும், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது பெரிய விசயம். டிவியில் வழக்கமாக ஒரு எச்டிஎம்ஐ துளையில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும், பியோ டிவி போன்ற சேனல் பெட்டியை அதில் செருகாமல் வேறு துளைக்கு மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஇசியை, அதாவது ஒரு ரிமோட்டால் இரண்டையும் இயக்க விடுகிற வசதியை, ஆன் பண்ண வேண்டும், சாம்சுங்கில் அதற்குப் பெயர் எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அப்படியும் சத்தம் வராவிட்டால் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் என்கிற சாதாரண ஸ்டீரியோ வகைக்கு மாற்றிப் பாருங்கள்.

மலிவு பாரில் அட்மோஸ் (மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் காட்டுகிற டால்பி முறை) என்று எழுதியிருப்பதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். மேல்நோக்கிய ஸ்பீக்கர் இல்லையென்றால் அது வெறும் மென்பொருள் வேலைதான்.

மாரி காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் டிவி, பார் இரண்டின் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி விடுங்கள், கேபிளால் இணைந்திருப்பதால் ஒன்றில் பாய்கிற மின்னல் மற்றதையும் எடுத்துவிடும். வாரண்டி ஏஜென்டுடையதா கடையுடையதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். கல்முனையோ மட்டக்களப்போ, கடைக்குப் போக முதல் டிவியின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து, இரண்டு காலுக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர் என்றும் குறித்துக்கொண்டு போங்கள்.