சைவ தாஷி: கொம்புக் கடற்பாசியா, காய்ந்த ஷீட்டாக்கே காளானா?

ஜப்பானியச் சமையலில் மிசோ (புளிக்கவைத்த உப்பான சோயா விழுது) சூப், உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி சாறுதான். கடைப் பொடிகளில் பெரும்பாலும் கட்சுவோ மீன் இருக்கும், உப்பும் தாராளம். வீட்டில் போட இரண்டு வழி.

அளவு (1 லிட்டர் தண்ணீருக்கு): கொம்பு 10 கிராம் அல்லது ஷீட்டாக்கே 20 கிராம்.

கொம்பு: மேலே படிந்த வெள்ளைப் பூச்சில்தான் ருசி. கழுவாதீர்கள், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். 30 நிமிடம் ஊறியதும் சிறு தீயில் வைத்து, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி கட்டத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். கொதித்தால் கொழகொழப்பும் கசப்பும் இறங்கும்.

ஷீட்டாக்கே: ஃபிரிட்ஜில் இரவு முழுக்க ஊறட்டும். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் ருசி குறையும். அடியில் மண் தங்கும், வடிகட்டுங்கள்.

உடல்நலம்: கொம்பில் அயோடின் மிக அதிகம், தைராய்டு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம். ஷீட்டாக்கேயில் அந்தக் கவலை இல்லை.

எதற்கு எது: தெளிந்த சூப், டோஃபுவுக்குக் கொம்பு. நூடுல்ஸ், காய்கறி நிமோனோவுக்கு (சாற்றில் வேகவைத்த பண்டம்) ஷீட்டாக்கே. காளானின் மணம் தூக்கலாக இருப்பதால் மென்மையான பண்டங்களை அமுக்கிவிடும்.

உப்பைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் இரண்டையும் பாதிப்பாதி சேருங்கள். கொம்பின் குளுட்டமேட்டும் காளானின் குவானிலேட்டும் (இரண்டும் ருசி தரும் பொருள்கள்) சேர்ந்தால் உமாமி என்னும் ஆழ்ந்த சுவை பன்மடங்காகும். அதனால் கிண்ணத்துக்கு 1 மேசைக்கரண்டி மிசோ போடும் இடத்தில் 2 தேக்கரண்டியே போதும்.