ஹட்டன் பஜார் மரச்சீப்பு: வெட்டாத முடிக்குச் சரிவருமா?

முடியை வெட்டாத சீக்கியரின் ஐந்து ககரங்களில், அதாவது ‘க’வில் தொடங்கும் ஐந்து சமய அடையாளங்களில் ஒன்றான கங்கா, கொண்டைக்குள் செருகிவைக்கும் சின்ன மரச்சீப்பு. காலை, மாலை இருவேளையும் முடியைச் சீவுவது அவர்கள் நெறி. இலங்கை மலைநாட்டு ஊரான ஹட்டனின் பஜாரில் கிடைக்கும் சீப்பு அந்த வேலைக்கு ஓரளவு உதவும். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

மரத்தின் ரேகை பல்லின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் முதல் சிக்கிலேயே பல் முறியும். பல்லிடுக்கை நகத்தால் தடவிப் பாருங்கள். சிலாம்பு தட்டினால் முடியை அறுக்கும். வார்னிஷ் பூசியது வேண்டவே வேண்டாம், உரிந்து தலையில் ஒட்டும்.

மலைநாட்டு மூடுபனியில் நீண்ட முடி லேசில் காயாது. ஈர முடி இழுபட்டு அறும். முக்கால்வாசி காய்ந்தபின் நுனியிலிருந்து இரண்டங்குலம் இரண்டங்குலமாக மேலே ஏறுங்கள். ஈரத்தோடு கொண்டை போட்டுத் தலைப்பாகை கட்டினால் வாடைதான் மிச்சம். சீப்பைத் தண்ணீரில் ஊறவிட்டால் உப்பி வளையும். துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி ஒரு இரவு வையுங்கள்.