டாஷ்போர்டை உருக்கி ஓட்டை போடும் கடைகள்: காரில் ஸ்டீரியோ மாட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவோ ஸ்பீக்கரோ போட நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டியைக் கடையில் விடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கார் அப்பாவுடையது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கினார். எங்கள் வீட்டின் முதல் கார். கம்பெனி ரேடியோ வேலை செய்யாமல் போனதால், மேப் பார்க்கவும் ரிவர்ஸ் கேமராவுக்கும் சேர்த்து 9 இன்ச் திரை போடலாம் என்று முடிவு செய்தோம். ஸ்டீரியோ, திரையைச் சுற்றி வரும் ஃப்ரேம், கேமரா, மாட்டித் தரும் கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்றார் கடைக்காரர். "உங்க மாடலுக்குன்னே வர்ற ஃப்ரேம் சார். கப்ளர்ல சொருகினா வேலை முடிஞ்சுது. ஒரு ஒயரைக்கூட கட் பண்ண மாட்டோம்" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். வேலை நடக்கும் ஷெட்டுக்குள் கஸ்டமரை விடுவதில்லையாம். சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பளபளவென்று கறுப்பு ஃப்ரேம், பெரிய திரை, எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. பில் கேட்டதற்கு, சீல் இல்லாத ஒரு கொட்டேஷன் தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஸ்பீடு பிரேக்கர் ஏறினாலே டாஷ்போர்டுக்குள் கடகடவென்று சத்தம். கத்திரி வெயில் தொடங்கியதும் ஃப்ரேமின் மேல் ஓரம் தூக்கிக்கொண்டது. ஏசி குளிர்ச்சியும் குறைந்த மாதிரி இருந்தது. கடையில் போய்ச் சொன்னால், "வெயிலுக்கு பிளாஸ்டிக் அப்படித்தான் சார் இருக்கும்" என்று ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு அனுப்பினார்கள். மறுபடியும் தூக்கிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, தானே ஃப்ரேமை நெம்பி எடுத்தார். அது ஸ்க்ரூவில் நிற்கவே இல்லை. க்ளூ கன் பசையும் டபுள் சைடு டேப்பும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. க்ளூ கன் பசை சூட்டில் உருகித்தான் ஒட்டுகிறது, சூட்டிலேயே இளகியும் விடும். வெயிலில் நிற்கிற காரின் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தப் பசை எப்படித் தாங்கும்?

உள்ளே பார்த்ததுதான் மனசை உடைத்தது. ரேடியோ உட்காரும் திறப்பின் நாலு பக்கமும் பிளாஸ்டிக் உருகி, வழிந்து, உருண்டை உருண்டையாக இறுகிக் கிடந்தது. அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டேய், இது பிளேடு போட்டு அறுத்தது இல்ல. சால்டரிங் அயர்ன வச்சு உருக்கியிருக்கான், மிச்சத்த கிரைண்டர்ல தேச்சிருக்கான்" என்றார். பிராக்கெட் ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் ரிப் (உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கு விளிம்பு) அடியோடு காணோம். ஸ்டீரியோ பின்னால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் ஃப்ரேமில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அதனால்தான். பின்னால் போகும் ஏசி டக்ட், அதாவது காற்றுக் குழாயின் ஓரத்தையும் சீவியிருந்தார்கள். குளிர்காற்று பாதி டாஷ்போர்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒயர்களைச் சொருகி இணைக்கும் கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். தேய்த்த பிளாஸ்டிக்கின் வெள்ளைத் தூள் ஏசி வெண்ட் முழுக்க.

இத்தனையும் ஏன் என்றால், ஃப்ரேம் எங்கள் மாடலுக்கு உரியதே இல்லை. பின்பக்கம் வேறொரு காரின் பெயர் அச்சாகியிருந்தது. கையில் இருந்த சரக்கைத் தள்ளிவிட, அதற்கு ஏற்ற மாதிரி எங்கள் டாஷ்போர்டை வெட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கார் ரேடியோவில் டபுள் டின் என்று சொல்லும் பொது அளவு 180 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட்டில் திரை மட்டும்தான் பெரிது. பின்னால் இருக்கும் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். திரைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை மூடத்தான் ஃப்ரேமே. சரியான ஃப்ரேம் வாங்கினால் பெரும்பாலான கார்களில் எதையும் வெட்ட வேண்டாம். சிலதில் உள்பக்கம் ஏதோ ஒரு ரிப் இடிக்கும், அதைக் கொஞ்சம் எடுக்க வேண்டிவரும். எடுக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒழுங்காக வெட்டவும் வேண்டும்.

டிரிம் என்னும் மூடு பாகங்களைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் >ABS<, >PP< என்று பிளாஸ்டிக் வகை ஏதாவது ஒன்று பதிந்திருக்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியைத் தாண்டியதுமே இளக ஆரம்பிக்கும். பிபி 160 வாக்கில் உருகிவிடும். சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரிக்கு மேல் போகும், அதை வைத்தால் வெட்டுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நல்ல பிளாஸ்டிக்கும் சேர்ந்து நெளியும். வேகமாகச் சுற்றும் கிரைண்டரும் உராய்வுச் சூட்டில் அதே வேலையைத்தான் செய்கிறது. வெட்டின இடமே உடனே உருகி ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, பிபி பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. உடைந்தால் ஒட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால், எதை வைத்து என்று கேளுங்கள்.

எங்கள் வண்டியை அப்பாவே சரி செய்தார். புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய சென்டர் பேனல் ஒன்று தேடிப் பிடித்தோம். மாடலுக்கு உரிய ஃப்ரேமும் கப்ளரும் தனியாக வாங்கினோம். அந்த ஃப்ரேமுக்கும் பேனலின் பின்னால் ஒரு சின்ன விளிம்பை எடுக்க வேண்டியிருந்தது. அப்பா முதலில் பேனலை காரிலிருந்து வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். வெட்ட வேண்டிய இடத்தில் முன்னும் பின்னும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேலேயே பென்சிலால் கோடு போட்டார். மூலைகளில் முதலில் சின்ன டிரில் ஓட்டை. மூலை கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் ஓடும், வட்டமாக இருந்தால் ஓடாது என்றார். அப்புறம் பல் நெருக்கமான ஆக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடித்து, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளேயே மெதுவாக அறுத்தார். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், சூடு ஏறினால் நிறுத்தினார். கோடு வரைக்கும் மீதியை அரம்தான் எடுத்தது. கடைசியில் 120, 240, 400 என்று உப்புத்தாள். விளிம்பில் விரல் ஓடியபோது ஒரு பிசிறு தட்டவில்லை. உள்ளே காணாமல் போன ரிப்புக்குப் பதிலாக அலுமினியப் பட்டையை எல் வடிவில் வளைத்து நட்டு போல்ட் போட்டு நிறுத்தினார். வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. இதை ஷெட்டில் செய்ய அவர்களுக்கு என்ன கஷ்டம்?

கடைக்கு வெட்டப்பட்ட பேனலை எடுத்துக்கொண்டு போனோம். "ஃபினிஷிங் மேல தெரியலையே பெரியவரே, உள்ள யார் பாக்கப் போறா?" என்று அப்பாவிடம் கேட்டார் கடைக்காரர். வாழ்நாள் முழுக்க யாரும் பார்க்காத இடத்திலும் ரிவெட்டை நேராக அடித்த மனிதரிடம் இந்தக் கேள்வி. அப்பா, "தம்பி, பில்ல குடுங்க" என்றார், அவ்வளவுதான். பில் கொடுக்க மறுத்தார்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி செய்த வேலைக்கு பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறையில் வரும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம். அதற்கும் கடை அசையாததால் வடசென்னை மாவட்ட ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறோம். ஜிபே ரசீது, கொட்டேஷன் தாள், ஃப்ரேமின் பின்பக்கப் படம், உருகிய விளிம்பின் படங்கள் எல்லாம் இணைத்தாயிற்று. ஆகவே தயவுசெய்து ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

வண்டியை விடும் முன் ஃப்ரேமை வாங்கிப் பார்த்து மாடல் பெயரைச் சரிபாருங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லுங்கள், முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ட்வீட்டர் (சின்ன ஸ்பீக்கர்) வைக்கிறேன் என்று முன் கண்ணாடி ஓரத் தூணை மூடும் பில்லர் டிரிம்மில் ஓட்டை போடக் கேட்டால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். பக்கவாட்டில் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில், கூரை ஓரமாக மடிந்திருக்கும் அதன் முன்பகுதி பெரும்பாலும் அந்த டிரிம்முக்குப் பின்னால் வரை வரும். டாஷ்போர்டுக்குள் மஞ்சள் கப்ளரோ மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கட்டோ தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் லைன். அதன் பக்கத்தில் சால்டரிங் அயர்னோ கிரைண்டரோ போகவே கூடாது.