வீட்லயே துணியில அச்சு போடுறது: நாலு வருஷம் யூஸ் பண்ண பிறகு சொல்றேன்

நாலு வருஷத்துக்கு முன்னாடி டிசைன் செதுக்கின ரெண்டு மரக்கட்டை, மூணு கலர் ஃபேப்ரிக் பெயிண்ட், ஒரு பழைய பெட்ஷீட், இத வச்சு தான் ஆரம்பிச்சேன். இப்ப அலமாரியில மரக்கட்டை மட்டும் பதினஞ்சுக்கு மேல இருக்கு, நானே வெட்டுன ரப்பர் அச்சுக்கு தனியா ஒரு டப்பா. தலையணை உறை, துணிப்பை, திரைச்சீலை, டேபிள் துணி, குர்தான்னு போட்டு அதுல பாதிய தினமும் புழங்கி துவைச்சு துவைச்சு பார்த்தாச்சு, அதனால எது நிக்குது எது நிக்கலன்னு இப்ப தைரியமா சொல்லலாம்.

யார் கேட்டாலும் முதல்ல கேக்குறது "எந்த கட்டை வாங்கலாம்"னு தான். நான் கட்டைக்கு கீழ இருக்கிறத பத்தி தான் முதல்ல சொல்வேன். ஆரம்பத்துல டைனிங் டேபிள் மேல துணிய நேரா விரிச்சு போட்டேன், ஓரமெல்லாம் பளிச்சுன்னு விழும், நடுவுல வெள்ளை வெள்ளையா திட்டு, கட்டை தான் சரியில்லன்னு நினைச்சு இன்னும் பலமா அழுத்துவேன், அழுத்துனா பெயிண்ட் கோட்டுக்கு வெளிய பிதுங்கிடும். ரெண்டு மாசம் இதே கதை. மரத்தோட முகம் என்னதான் சமமா இருந்தாலும் மயிரிழை மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும், அடியில கொஞ்சம் விட்டுக் கொடுத்தா தான் எல்லா இடமும் துணியில படும். ஒரு கம்பளிய மூணு மடிப்பா மடிச்சு, அது மேல காட்டன் துணி ஒன்ன சுருக்கமில்லாம இழுத்து கட்டி, அதுக்கு மேல அச்சு போடுற துணிய பின் குத்தி போட்டேன். அன்னிக்கே அதே கட்டையில முழுசா விழுந்துச்சு! ஆனா ஃபோம் மெத்தை மாதிரி ரொம்ப மெதுவானதும் ஆகாது, துணி உள்ள அமுங்கி செதுக்கின பள்ளத்துல இருக்கிற பெயிண்ட்டும் ஒட்டிக்கும். ஒரு சென்டிமீட்டர் கனம் எனக்கு சரியா வருது.

அடுத்தது துணி. புது காட்டன்ல கஞ்சியும் ஃபினிஷிங் பூச்சும் இருக்கும், அத போக்காம போட்டா பெயிண்ட் மேலயே நிக்கும், ரெண்டாவது துவைப்புல உதிரும். சோப்புத்தூள் போட்டு வெந்நீர்ல அலசி காய வைங்க, துணிய மென்மையாக்குற லிக்விட் எதுவும் ஊத்தாதீங்க, அதுவும் ஒரு பூச்சு தான். ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, உடனே உறிஞ்சுனா துணி ரெடி, முத்து மாதிரி உருண்டு நின்னா இன்னொரு தடவ துவைக்கணும். காட்டனும் லினனும் அருமையா எடுக்குது. பாலியஸ்டர் கலந்த துணியில போட்டது எனக்கு நிலைக்கல, அதுல அயர்ன் சூடையும் நிறைய வைக்க முடியாது.

ஃபேப்ரிக் பெயிண்ட் சாயம் மாதிரி நூலுக்குள்ள இறங்கி ரசாயனமா சேர்றது கிடையாது. கலர் பொடிய அக்ரிலிக் பைண்டர் ஒன்னு பசை மாதிரி நூல் மேல பிடிச்சு வச்சிருக்கு, அந்த பசைய இறுக்குறது சூடு. அதனால அயர்ன் பண்ற வேலைய தயவுசெஞ்சு அவசரமா முடிக்காதீங்க. முழுசா ஒரு நாள் காயட்டும், அப்புறம் பின்பக்கமா, இல்லன்னா மேல மெல்லிசா ஒரு துணி போட்டு, ஆவி இல்லாம காட்டன் சூட்டுல ஒவ்வொரு இடத்துக்கும் மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம், கருகாம நகர்த்திக்கிட்டே இருக்கணும். பாட்டில்ல வேற கணக்கு போட்டிருந்தா அதையே எடுத்துக்கோங்க. நான் அதுக்கப்புறமும் ஒரு வாரம் தண்ணி படாம வைப்பேன்.

இதுல எனக்கு மனசு விட்டுப்போன சம்பவம் ஒன்னு இருக்கு. வரிசை கோணாம இருக்க, தண்ணி பட்டா அழியும்னு சொல்ற மார்க்கர் பேனாவால பெரிய டேபிள் துணி முழுக்க கோடு போட்டேன், அச்சு போட்டு காய வச்சு அயர்ன் பண்ணேன், அந்த நீலக்கோடு சூட்டுல அப்படியே இறுகி இன்னிக்கு வரைக்கும் போகல. மூணு நாள் வேலை. இப்பல்லாம் சாக்பீஸ் தான், இல்ல ரெண்டு பக்கமும் பின் குத்தி நூல் கட்டிக்கிறேன்.

பெயிண்ட் எடுக்கிற விதமும் முக்கியம். கட்டைய பெயிண்ட்ல முக்காதீங்க, தட்டுல ஸ்பாஞ்ச் வச்சு அதுல பெயிண்ட்ட தடவி, கட்டைய ரெண்டு தடவ லேசா தட்டி எடுங்க. முதல் அச்சு எப்பவும் வேஸ்ட் துணியில. ஃபேன நிறுத்திடுங்க, அந்த காத்துல ஸ்பாஞ்சும் காயும், கட்டையோட மெல்லிய கோட்டுக்குள்ள பெயிண்ட்டும் காஞ்சு அடைக்கும், காஞ்ச அக்ரிலிக் அப்புறம் தண்ணிக்கு கரையாது. பத்து பன்னெண்டு அச்சுக்கு ஒரு தடவ ஈரத்துணியில ஒத்தி எடுப்பேன். வேலை முடிஞ்சதும் பழைய டூத்பிரஷால தேய்ச்சு உடனே துடைச்சு நிழல்ல வச்சிடணும், தண்ணியில ஊறப்போட்டா மரம் உப்பி வளைஞ்சிடும், எனக்கு ஒரு நல்ல கொடி டிசைன் கட்டை அப்படித்தான் போச்சு. பெரிய கட்டை வாங்கும்போது முதுகுல சின்ன துளை இருக்கான்னு பாருங்க, அது காத்து வெளிய போறதுக்கு, இல்லன்னா காத்து மாட்டி நடுவுல திட்டு விழும்.

மரக்கட்டை அழகு, ஆனா எனக்கு மனசுக்கு நெருக்கமானது நானே வெட்டுற ரப்பர் ஷீட் தான். பென்சில்ல வரைஞ்ச பேப்பர கவுத்து போட்டு தேய்ச்சா படம் தானா தலைகீழா ஏறிடும், அச்சு போட்டதும் நேரா வரும், எழுத்து வெட்டுறப்ப இது ரொம்ப உதவும். வி வாய் உளியில கோடு, யு வாய் உளியில காலி இடம், எப்பவும் உளி போற பாதையில கை இருக்கக்கூடாது. லினோன்னு சொல்ற லினோலியம் ஷீட் இதவிட கெட்டி, நுணுக்கமும் நிக்கும், வெயில்ல கொஞ்ச நேரம் வச்சு வெட்டுனா வெண்ணெய் மாதிரி போகும். ஃபோம் வெட்டி அட்டையில ஒட்டுறது குழந்தைங்களோட பண்ண நல்லா இருக்கு, முப்பது அச்சுக்கு மேல ஓரம் மழுங்கிடுது.

கருப்பு, கருநீல துணியில சாதாரண பெயிண்ட் போட்டா தெரியவே தெரியாது. ஒபேக்னு போட்டிருக்கிறது, அதாவது அடியில இருக்கிற கலர மறைக்கிற பெயிண்ட் வேணும், அது கனமா உக்காரும், தடவுனா தெரியும், உடுத்துற துணிக்கு எனக்கு அவ்வளவா பிடிக்கல, பைக்கு ஓகே.

இப்ப நிலைமை என்னன்னா, திரைச்சீலையில போட்டது நாலு வருஷமாகியும் புதுசு மாதிரி இருக்கு, ஏன்னா அதுல உரசல் இல்ல. தலையணை உறையில கன்னம் படுற நடுப்பகுதி மட்டும் வெளிறி, ஓரத்துல அப்படியே இருக்கு. துணிப்பையில கைப்பிடி பக்கம் போயிடுச்சு. தண்ணியவிட தேய்மானம் தான் எதிரி, அதனால துணிய உள்வெளியா திருப்பி சாதா தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுறேன், பிரஷ் போட்டு தேய்க்கிறதே இல்ல. வெளிறின உறை மேலயே அதே கட்டைய வச்சு போன வாரம் மறுபடி போட்டு பார்த்தேன், கோட்டுக்கு கோடு பொருத்த அரை மணி நேரம் ஆச்சு, ஆனா பொருந்துச்சு. ஒரு வாரம் முடியட்டும்னு மடிச்சு வச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை தான் முதல் துவைப்பு.